என் விரலில் உள்ளே போனவர்

கேட் கன்ட்ரோல் திரையின் வலது ஓரத்தில் ஒரு சிவப்புக் கட்டம் இருக்கிறதே, அதைப் பற்றி அங்கே இப்போது வேலை பார்க்கும் நீங்கள் அலுத்துக்கொள்வது என் காதுவரை வந்துவிட்டது. ரிட்டயர் ஆனவளுக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்குக் கீரை வாங்கப் போனாலே நம் கம்பெனி ஆட்கள் நாலு பேராவது எதிரில் வருகிறார்கள். எனக்கு எல்லாம் தெரியும்.

மெஷின் ஏற்காத ஒருவருக்காக நீங்கள் கேட்டைத் திறக்கப் போனால் அந்தக் கட்டம் முழித்துக்கொள்ளும். அவர் பெயர் என்ன, உள்ளே எந்த இடத்தில் வேலை, எதற்காகத் திறக்கிறீர்கள் என்று மூன்றையும் அடித்தால்தான் கேட் நகரும். அதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும், டேங்கர் லாரிக்காரர் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்க மாட்டார். இதை எந்தப் புண்ணியவான் வைத்தானோ என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். புண்ணியவான் இல்லை, புண்ணியவதி. நான்தான் வைக்கச் சொன்னேன். அது வந்த கதையைத் தெரிந்துகொண்டு அப்புறம் திட்டுங்கள்.

நான் மணலி ஆலையின் டைம் ஆபீஸில் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் கிடையாது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரப் பலகை, அதில் ஆணி ஆணியாகப் பித்தளை டோக்கன் தொங்கும். உள்ளே போகிறவர் தன் நம்பர் டோக்கனை எடுத்துக்கொண்டு போவார், வெளியே வரும்போது மாட்டிவிடுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அதுதான் சிறந்த முறை என்று சொல்ல வரவில்லை. அதில் நடந்த தில்லாலங்கடி எனக்குத் தெரியும். ஒரே ஆள் இரண்டு டோக்கனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவார், தோஸ்து வீட்டில் தூங்குவார். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மாதக் கடைசியாகிவிடும்.

கம்ப்யூட்டர் வந்தபோது ஆபீஸில் எல்லோரும் அதைத் தொடப் பயந்தார்கள். என் சீனியர் ஒருவர் அதற்கு மாலை போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். நான் ராயபுரத்தில் டைப்ரைட்டிங் படித்த அதே இன்ஸ்டிடியூட்டில் போய் உட்கார்ந்து, என்னைவிடப் பாதி வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொண்டேன். முதலில் மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்தேன், பக்கத்தில் இருந்த பெண் சிரித்தாள். ஆறே மாதத்தில் மொத்த ஆலையின் வருகைப் பதிவும் என் கைக்கு வந்தது. இரண்டு பேர் மூன்று நாள் உட்கார்ந்து போடுகிற பட்டியலை ஒரு பட்டனில் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு விரல் வைக்கும் மெஷின் வந்தது. கேட்டில் சுழலும் கம்பி, பக்கத்தில் சின்னக் கண்ணாடி. விரலை வைத்தால் பச்சை விளக்கு, கம்பி சுழலும். திரையில் உள்ளே இருப்பவர் எண்ணிக்கை ஒன்று கூடும். வெளியே வந்தால் ஒன்று குறையும். யாரும் யாருக்காகவும் விரல் வைக்க முடியாது, தில்லாலங்கடிக்கு இடமே இல்லை. அந்த மெஷினை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கும். கம்ப்யூட்டரைக் குறை சொல்வதற்காக எழுதும் கிழவி என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் அந்த மெஷினைச் செய்தவர் ஒருநாளும் துரு சுரண்டியிருக்க மாட்டார்.

நம் ஆலையில் குழாய்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கான்ட்ராக்ட் ஆட்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பெயிண்டுக்கு முன்னால் துருவைச் சுரண்ட வேண்டும். எண்ணூர்க் கடல் உப்பு இரும்பை விடாது, சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருக்கும். கம்பி பிரஷ், உப்புத்தாள், தின்னர் என்று வருஷக்கணக்கில் புழங்கியவர்களுக்கு விரல் நுனியில் ரேகையே இருக்காது, வழவழவென்று ஆகிவிடும். அவர்கள் விரலை வைத்தால் சிவப்பு விளக்குதான். தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைப்பார்கள், சிவப்பு. ஈரத் துணியில் துடைத்து வைப்பார்கள், சிவப்பு. வாயால் ஊதுவார்கள், எலுமிச்சம்பழம் தேய்ப்பார்கள், ஒருவர் கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டே பார்த்தார்.

விதிப்படி, விரல் பதியாதவர் ஆபீஸ் கட்டடத்துக்குப் போய் மறுபடி ரேகை எடுத்துக்கொண்டு வர வேண்டும். அதற்குள் பாதி நாள் போய்விடும், மேஸ்திரி வேறு ஆளை வைத்துக்கொள்வார். மறுநாள் அந்தப் புது ரேகையும் பதியாது.

அவர்களில் ஒருவர்தான் மாணிக்கம். வியாசர்பாடிக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இளவயதில் கால்பந்து ஆடி, கோல்போஸ்ட்டில் நின்றவர். 'எம்மாம் பெரிய பந்தெல்லாம் புட்ச்ச கை சிஸ்டர், இந்த மெசினுக்கு மட்டும் புடிக்க மாட்டேங்குது' என்பார். ஒரு காலையில் அவர் கண்ணாடி முன்னால் பத்துத் தடவை விரல் வைத்துவிட்டு, பின்னால் இருந்த கூட்டம் கத்தியதும், வரிசையை விட்டு விலகி நின்றார். எனக்கு அது பொறுக்கவில்லை. நான் எழுந்து போய் என் விரலை வைத்தேன்.

டைம் ஆபீஸ் இன்சார்ஜான என் விரலுக்கு ஒரு தனி அதிகாரம் இருந்தது. அதை வைத்தால் கேட் திறக்கும், ஆனால் எண்ணிக்கையில் யாரும் ஏற மாட்டார்கள். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் அவசரமாகத் திறப்பதற்காகக் கொடுத்தது. வேறு எதற்கும் பயன்படுத்தினால் வேலை போகும் என்று கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தார்கள். நான் அதை ஒரு பெயிண்டருக்குத் திறந்தேன். மறுநாளும் திறந்தேன். மாதம் முடிவதற்குள் ஐந்தாறு பேர் என் விரலில் உள்ளே போய், சாயங்காலம் என் விரலிலேயே வெளியே வந்துகொண்டிருந்தார்கள். 'சிஸ்டர், விரல் குடு' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. திரையைப் பொறுத்தவரை அவர்கள் ஆலைக்குள் வந்ததே இல்லை. மேஸ்திரி தனியாக ஒரு நோட்டில் குறித்து அவர்களுக்கு ஹாஜர் போட்டுக்கொண்டார்.

நான் செய்தது இரக்கம் என்று நினைத்தேன். இரக்கம்தான். ஆனால் அரைகுறையாகச் செய்த இரக்கம். வாசலைத் திறந்துவிட்டேன், ஆளை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் பெயரெல்லாம் என் தலைக்குள் இருக்கிறது, போதும் என்று இருந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் தப்பாமல் செய்வேன். விரல் வைக்கும்போது, இன்றைக்கு எங்கே வேலை என்று கேட்பேன். விதியெல்லாம் இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே இருக்கும் மைதானத்துக்கு ஓடிவர வேண்டும் என்பது உங்களுக்கும் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். கேட் தானாகத் திறந்துகொள்ளும். மைதானத்தில் வைத்திருக்கும் மெஷினில் ஒவ்வொருவரும் விரல் வைக்க வேண்டும். வைக்க வைக்கத் திரையில் எண் குறையும். பூஜ்யம் வந்தால் உள்ளே யாரும் இல்லை. இதை எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருக்கிறோம். மாணிக்கமும் வந்து விரல் வைப்பார், சிவப்பு வரும், நான் சிரித்துக்கொண்டே போ போ என்று கை காட்டுவேன். ஒத்திகை முடிவில் எப்போதும் பூஜ்யம்தான். பாராட்டுவார்கள். உள்ளே வந்ததாகவே பதியாத ஆள் வெளியே போகாவிட்டாலும் பூஜ்யம் வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். நிஜமாகவே சங்கு ஊதியது. ஒரு குழாய் இணைப்பில் வாயு கசிந்தது. கண்ணைக் கரித்து, தொண்டையை அடைக்கிற வாயு. எது, என்ன என்பதெல்லாம் இப்போது வேண்டாம். அந்த நேரத்தில் கடல்காற்று ஏறிவிட்டதால் கசிவு ஆலையின் மேற்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் தெரு, டீக்கடை, வீடுகள்.

ஜனங்கள் ஒழுங்காக வந்தார்கள். நான் மைதானத்து மெஷின் பக்கத்தில் நின்றேன். பச்சை, பச்சை, பச்சை. எண் இறங்கிக்கொண்டே வந்தது. எந்த ஒத்திகையிலும் அவ்வளவு சீக்கிரம் இறங்கியதில்லை. கடைசியாகக் கேன்டீன்காரர் விரல் வைத்ததும் பூஜ்யம் வந்தது. ஆலை மேலாளர் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். எனக்குக் கர்வமாக இருந்தது, மறைக்க மாட்டேன். என் மெஷின், என் பட்டியல், என் பூஜ்யம்.

மேலாளர் அடுத்த வேலையைப் பார்த்தார். குழாயில் இன்னும் வாயு மிச்சம் இருந்தது. அதை அந்தப் பகுதிக்குள்ளேயே ஒரேயடியாகத் திறந்துவிட்டு, சுற்றிலும் தண்ணீரைத் திரைபோலப் பீய்ச்சி அடக்கிவிடலாம். செய்தால் தெருவுக்கு ஆபத்து இல்லை. தாமதமானால் வீடுகளுக்குள் புகுந்துவிடும். ஆனால் திறந்துவிட்டால் அந்தப் பகுதிக்குள் இருக்கும் உயிர் எதுவும் தப்பாது. உள்ளே ஆள் இல்லை என்றால் மட்டுமே செய்யக்கூடியது. திரையில் பூஜ்யம் இருந்தது. வாக்கிடாக்கியில் தயாராக இருக்கச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கு மெஷின் ஒரு தடவைகூடச் சிவப்புக் காட்டவில்லை.

என் விரலில் உள்ளே போகிற ஐந்தாறு பேரில் அன்றைக்கு மாணிக்கம் மட்டும்தான் வந்திருந்தார். மற்றவர்களை மேஸ்திரி வேறு ஆலைக்கு அனுப்பியிருந்தார். மாணிக்கம் வெளியே வந்திருந்தால் விரல் வைத்திருப்பார், சிவப்பு வந்திருக்கும், ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பார். எல்லாம் பச்சையாக வந்ததே, அதுதான் தப்பு.

மேஸ்திரியிடம் ஓடினேன். மாணிக்கம் எங்கே என்றேன். அவர் பதற்றத்தில் இருந்தார், கையில் இருந்த போனில் எங்கள் சிஸ்டம் அனுப்பிய பட்டியலைப் பார்த்தார். அவர் பேர் இதுல இல்லியே, இன்னிக்கு வரல போல என்றார். காலையில் மாணிக்கத்தோடு ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தவர் அவர். பட்டியல் சொன்னதும் கண்ணால் பார்த்ததையும் தன் நோட்டில் குறித்ததையும் மறந்துவிட்டார். அவரைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

இப்போது நான் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் உடனே போய்ச் சொல்லவில்லை. அங்கேயே நின்றேன். சொன்னால் வேலை போய்விடும். என் பெண் அப்போது நர்ஸிங் இரண்டாம் வருஷம், வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்தி. மெஷினில் விரல் வைக்காமல் நேராக ஓடிப் போயிருப்பாரோ, தெருவில் எங்காவது நிற்பாரோ, வீணாக நானே என்னைக் காட்டிக்கொடுத்துக்கொள்கிறேனோ என்று மனசு ஏதேதோ சொன்னது. ஒரு நிமிஷம் இருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு கால் தானாக நடந்தது. மேலாளரையும் பாதுகாப்பு அதிகாரியையும் நோக்கிப் போனேன். நல்ல தமிழெல்லாம் வரவில்லை, ராயபுரம்தான் வந்தது.

"சார், உள்ள ஒரு ஆளு கீறாரு. பெயிண்டர் மாணிக்கம். கணக்குல வரமாட்டாரு. நான்தான் என் விரல வெச்சு உள்ள வுட்டேன்."

மேலாளர் முகம் மாறிவிட்டது. திரையைக் காட்டி, பூஜ்யம் இருக்கிறதே, ஆள் எப்படி இருப்பார், உறுதியாகத் தெரியுமா என்றார். உறுதியாகத் தெரியாது. அதையும் சொன்னேன். ஒத்திகையில் அவர் வந்தால் சிவப்பு வரும், இன்றைக்கு வரவில்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றேன். அவர் மதில் பக்கம் பார்த்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் குழந்தைகள் இருக்கிறார்கள், இந்தப் பக்கம் இருக்கிறாரோ இல்லையோ என்று தெரியாத ஒருவர். எந்த விதியை எதற்காக மீறினீர்கள் என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

பாதுகாப்பு அதிகாரி இடையில் புகுந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நான் வேலை கற்றுக்கொண்டது யாரிடம் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். அவர் ஏன் என்றே கேட்கவில்லை.

"எந்த இடத்துல நிக்காவ அக்கா, அதச் சொல்லுங்க" என்றார்.

எனக்குத் தெரிந்திருந்தது. காலையில் விரல் வைக்கும்போது வாய் சும்மா இருக்காமல் கேட்டேனே. மேற்குக் குழாய் மேடை, மேல் தட்டு, படிக்கட்டுக்கு எதிர்க்கோடி, மெஷின் பிரஷ் வைத்துச் சுரண்டப்போகிறேன், காது அடைப்பான் போட்டுக்கொள்வேன் என்று மாணிக்கம் சொல்லியிருந்தார். அப்படியே ஒப்பித்தேன். அதிகாரி வாக்கிடாக்கியில், திறக்க வேண்டாம், நிறுத்துங்கள் என்றார். மூச்சுக்கருவி மாட்டிய இரண்டு பேரை ஏணியோடு கிழக்குப் பக்கமாக அனுப்பினார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆட்களை அனுப்பித் தெருவைக் காலி செய்யச் சொன்னார். மேலாளரும் தெரு வேலையைத் தானே ஏற்றுக்கொண்டு ஓடினார்.

அதிகாரி கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் நீங்கள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நெருக்கடியில் முதல் கேள்வி எங்கே என்பதுதான். ஏன் என்பதை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.

காத்திருந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மாதாவே, ஆள் உள்ளே உயிரோடு இருக்கட்டும் என்று வேண்டினேன். அப்புறம், வேண்டாம், இல்லாமல் போகட்டும், தெருவில் எங்காவது நிற்கட்டும், எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை என்று வேண்டினேன். என்ன வேண்டுவதென்றே தெரியாமல் நின்றேன்.

கிழக்குப் பக்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்தவர் முகத்தில் ஈரத் துண்டு. இரண்டு பேரும் தாங்கிப் பிடித்திருந்தார்கள், ஆனாலும் தன் காலால்தான் நடந்து வந்தார். காது அடைத்திருந்ததால் சங்கு கேட்கவில்லை. கண் கரிக்க ஆரம்பித்த பிறகுதான் கீழே பார்த்திருக்கிறார், படிக்கட்டு முழுக்க வாயு. தண்ணீர் பாட்டிலைத் துண்டில் கொட்டி முகத்தை மூடிக்கொண்டு, காற்று வரும் மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார். கடல்காற்று அவர் பக்கமிருந்து அடித்ததால் பிழைத்தார். குழாயைத் திறந்துவிட்டிருந்தால் காற்றெல்லாம் உதவியிருக்காது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பக்கத்தில் போனேன். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. என் குரலைக் கேட்டதும் கையை நீட்டினார்.

"சிஸ்டர்கிட்ட சொல்லிட்டுத்தான வந்தோம், எப்டியும் ஆள் அனுப்புவாங்கனு உக்காந்துகினு இருந்தேன்" என்றார்.

அவர் அங்கே என்னை நம்பி உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் இங்கே ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆம்புலன்ஸ் போன பிறகு டைம் ஆபீஸ் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த ஒரு நிமிஷத்தை மாணிக்கத்திடம் நான் சொன்னதில்லை. இது அவர் கைக்கும் போகும், அவர் பேத்தி படித்துக் காட்டுவாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

தெருவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரையும் அகற்றிய பிறகு குழாயைத் திறந்து, தண்ணீர் அடித்து அடக்கினார்கள். எனக்கு அந்த வாரமே இரண்டு கடிதம் வந்தது. ஒன்று, உயிரைக் காத்ததற்குப் பாராட்டு. இன்னொன்று, விதியை மீறியதற்கு மெமோ. இரண்டிலும் ஒரே ஆளின் கையெழுத்து. இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன்.

விசாரணைக்குத் தலைமை ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். நான் விதிப்படி நடந்திருந்தால் மாணிக்கம் அன்றைக்கு உள்ளேயே போயிருக்க மாட்டார், இந்தப் பிரச்சினையே வந்திருக்காது என்றார். சரிதான். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாணிக்கத்தைக் கூப்பிட்டு வரலாமா என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த ஐயா முன்னால் மாணிக்கம் மெஷினில் விரல் வைத்தார். சிவப்பு. வேறு விரல். சிவப்பு. பத்து விரலும் ஆனது. ஐயாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன். நம் ஆலைக் குழாயைச் சுரண்டித்தான் இவர் ரேகை போயிற்று, ரேகை இல்லை என்று இவரை வெளியே நிறுத்துவதும் நாம்தான், இதற்கு என்ன விதி என்று. அவர் மாணிக்கத்தின் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, என்ன செய்யலாம் என்கிறீர்கள் என்று கேட்டார்.

அன்றைக்குச் சொன்னதுதான் உங்கள் சிவப்புக் கட்டம். கையால் கேட்டைத் திறக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் திறக்கலாம். ஆனால் பெயரையும் இடத்தையும் எழுதாமல் திறக்கக் கூடாது. அப்படிப் போனவரையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். சங்கு ஊதினால் அந்தப் பெயர்கள் திரையில் பெரிய எழுத்தில் முதலில் வர வேண்டும். மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ப்ரோகிராம் எழுதுகிற பையன்கள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்லச் செய்தார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மவுஸைத் தூக்கி வைத்தவள் நான். இன்றைக்கு நம் குழுமத்தின் எல்லா ஆலைகளிலும் அந்தக் கட்டம் இருக்கிறது. பெருமைப்படாமல் என்ன செய்யச் சொல்கிறீர்கள்.

உங்களிடம் இருப்பது என்னிடம் இருந்ததைவிட நல்ல மெஷின். முகத்தைப் பார்த்தே திறக்கிற கேமரா, மாணிக்கத்தைக்கூட அது தெரிந்துகொள்கிறது. அதை நம்புங்கள். ஆனால் நாம் சொல்லிவைத்தது மட்டும்தான் திரைக்குத் தெரியும். நாம் சொல்லாமல் விட்ட ஆளுக்கு அங்கே இடம் கிடையாது. வழக்கமாகத் தகராறு செய்கிற மெஷின் ஒருநாள் எல்லாவற்றையும் பச்சையாகக் காட்டினால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்.

கடைசியாக, நான் ரிட்டயர் ஆன நாள். மத்தியானம் மாலையும் சால்வையும் போட்டார்கள், புகழ்ந்தார்கள், அதிரசம் கொடுத்தார்கள். சாயங்காலம் எல்லோரோடும் கேட்டுக்கு நடந்து வந்து கேமராவைப் பார்த்தேன். சிவப்பு. விரலை வைத்தேன், அதுவும் சிவப்பு. ஆபீஸில் சுறுசுறுப்பான யாரோ மத்தியானமே என் பெயரை நீக்கியிருந்தார்கள். அத்தனை வருஷம் எல்லோருக்கும் கேட் திறந்தவள் மாலையும் கழுத்துமாக உள்ளே மாட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் ஷிஃப்ட் முடிந்த கூட்டம், அதில் மாணிக்கமும் இருந்தார்.

"இன்னா சிஸ்டர், இப்ப தெர்தா எங்க பேஜாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கன்ட்ரோலில் அந்த மாதம் சேர்ந்த புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். காவலர் அவளிடம், அம்மாவ தெரியாதா, தொறந்து வுடு என்றார். அவள் திறக்கவில்லை. பயந்துகொண்டேதான், ஆனால் திறக்கவில்லை. பேர் சொல்லுங்க மேடம் என்றாள். செலின் என்றேன். எங்க வேலை என்றாள். இவ்வளவு நாள் டைம் ஆபீஸ், இனிமேல் ராயபுரத்தில் என் வீடு என்றேன். அதையும் அடித்தாள். காரணம் கேட்டாள், ரிட்டயர்மென்ட் என்றேன். மூன்றையும் அடித்து முடித்த பிறகுதான் கேட் நகர்ந்தது.

அந்தப் பெண் உங்களில் ஒருத்திதான். கட்டத்தைப் பற்றி அலுத்துக்கொண்டதும் அவளாகவே இருக்கலாம். பரவாயில்லை, அலுத்துக்கொள்ளுங்கள். அடித்துவிட்டுத் திறங்கள்.

வெளியே வந்து கண்ணாடி வழியாகத் திரையைத் திரும்பிப் பார்த்தேன். உள்ளே இருப்பவர் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. அந்த ஒன்று நான்தான்.